டைல்ஸ் மேடைக்குத் தேக்கு விளிம்பு: காரைக்குடி வீட்டில் செய்த வேலையைப் பற்றி

சமையல் மேடை என்றாலே கருப்பு கிரானைட் என்றாகிவிட்ட இந்நாளில், பழைய கடப்பா கல் மேடையை உடைக்காமல் அதன்மேலேயே டைல்ஸ் பதித்து, முன்விளிம்புக்குத் தேக்குச் சட்டம் பொருத்தித் தருபவர்கள் அரிதாகவே கிடைக்கிறார்கள். காரைக்குடியிலுள்ள எங்கள் பழைய வீட்டுக்கு அப்படியொரு சிறிய குழுவை அமர்த்தினோம். டைல்ஸ் கொத்தனார் ஒருவர், ஆசாரி ஒருவர், கையாள் ஒருவர். பொருளும் கூலியும் சேர்த்து ஒரே ஒப்பந்தம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்துவிட்டதால், மரம் எப்படி நிற்கிறது என்பதையும் இப்போது சேர்த்துச் சொல்ல முடிகிறது.

தரையில் இருப்பதுபோல மேடைக்கும் ஆத்தங்குடிக் கல்லே வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டார்கள். கொத்தனார் ஒப்புக்கொள்ளவில்லை. அது சூளையில் சுடாத சிமெண்ட் கல் என்பதால் எண்ணெயை உறிஞ்சும், புளியும் எலுமிச்சையும் பட்டால் மேற்பரப்பு அரித்துப்போகும் என்று பொறுமையாக விளக்கினார். கேட்டதைப் பதித்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்யாததே அவர்மேல் முதல் நம்பிக்கையை உண்டாக்கியது. இறுதியில் நீர் உறிஞ்சும் அளவு 0.5 விழுக்காட்டுக்கும் குறைவான விட்ரிஃபைடு (கண்ணாடிபோல் இறுகச் சுட்ட) டைல்ஸைத் தேர்ந்தெடுத்தோம். வழவழப்பான கடப்பா கல்லின்மேல் இத்தகைய டைல்ஸை வெறும் சிமெண்ட் பாலில் ஒட்டினால் பிடிக்காது. எனவே கல்லை முதலில் கொத்திச் சொரசொரப்பாக்கி, டைல்ஸ் பசைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 15477 குறி உள்ள பாலிமர் பசையைப் பல் கரணையால் (விளிம்பில் பற்கள் உள்ள கரண்டியால்) இழுத்துப் பதித்தார். இன்றும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் எங்கும் பொள்ளல் சத்தம் கேட்கவில்லை.

இவ்வகை மேடையின் தரத்தைக் காட்டும் இடம் மரமும் டைல்ஸும் சந்திக்கும் கோடுதான். ஈரக் காற்றில் மரம் அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும், டைல்ஸோ அசையாது. அந்த இடைவெளியில் இறுகிப்போகும் கிரவுட்டை (டைல்ஸ் இணைப்புகளை நிரப்பும் கலவையை) அடைத்தால் முதல் பருவமாற்றத்திலேயே வெடிப்பு விழும். இவர்கள் சுமார் 3 மி.மீ. இடைவெளி விட்டு, கிரவுட்டின் நிறத்திலேயே, நெகிழ்ந்துகொடுக்கும் சிலிகோன் பசையை நிரப்பினார்கள். அந்தக் கோடு இன்றுவரை பிரியவில்லை. பழைய கதவுகளிலிருந்து எடுத்த, நன்றாக உலர்ந்த தேக்கைப் பயன்படுத்தியதும் இதற்கு உதவியிருக்க வேண்டும்.

உயரக் கணக்கையும் பாராட்ட வேண்டும். டைல்ஸின் 9 மி.மீ. கனத்தோடு பசைக்கு 3 மி.மீ. சேர்த்து, கல்லுக்குமேல் 12 மி.மீ. உயரத்தில் சட்டத்தின் மேல்முகம் நிற்குமாறு ரசமட்டம் வைத்துப் பொருத்தினார் ஆசாரி. சட்டம் உயர்ந்திருந்தால் துடைக்கும் தண்ணீர் உள்ளேயே தேங்கும். தாழ்ந்திருந்தால் குக்கர் இடித்து டைல்ஸ் முனை சிதறும். இங்கே சிந்திய தோசைமாவை ஈரத்துணியால் ஒரே இழுப்பில் மேடைக்கு வெளியே தள்ளிவிட முடிகிறது. கீழே அலமாரிச் சட்டகத்தோடு பிணைக்கத் துருப்பிடிக்காத திருகாணிகளை முடுக்கி, தலைகளைப் புதைத்து, தேக்குக் கட்டைகளால் அடைத்து, ரேகையோட்டம் மாறாமல் இழைத்திருக்கிறார். குழி எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

குறை, பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கத்தில் இருக்கிறது. பொருத்துவதற்கு முன்பே சட்டத்தின் எல்லாப் பக்கங்களுக்கும், கண்ணுக்குத் தெரியாத பின்புறம் உட்பட, பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு கொடுத்தது சரியான முறை. ஆனால் தொட்டியருகே நீளம் சற்று மிகுந்ததால் அங்கேயே அறுத்துக் குறைத்தவர்கள், அறுத்த முனைக்கு மறுபடி பூச்சு கொடுக்கவில்லை. மரம் மிகுதியாக நீர் குடிப்பது வெட்டுமுனையில்தான். மழைக்காலம் முடிவதற்குள் அந்த முனை இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்துவிட்டது. பலமுறை தொலைபேசியில் அழைத்த பிறகே ஆசாரி வந்து, உப்புத்தாளால் தேய்த்துப் பூச்சு கொடுத்தார். ஊறல் நின்றது, கறுப்பு போகவில்லை.

டைல்ஸ் இணைப்புகளுக்குப் பிசினாலான எபாக்ஸி கிரவுட் போட்டார்கள். சிமெண்ட் கிரவுட்டாக இருந்தால் மஞ்சள்தூள் கறையை ஆயுளுக்கும் சுமந்திருக்கும். அடுப்பின் பின்மூலையில் மட்டும் இறுகுவதற்குள் துடைக்காமல் விட்ட மங்கலான படலம் ஒன்று இருக்கிறது. இணைப்புகள் 2 மி.மீ. அகலம்தான் என்றாலும், சப்பாத்தி தேய்க்கத் தனிப்பலகை இல்லாமல் முடியாது. அது இவர்கள் குற்றமன்று, டைல்ஸ் மேடையின் இயல்பு.

பேசிய தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. டைல்ஸ் வேலைக்கு இதே கொத்தனாரைத் தயங்காமல் மறுபடி அழைப்பேன். மரவேலைக்கும் இவர்களையே அழைப்பவர்கள், தொட்டிக்கு ஒரு சாண் முன்பாகவே தேக்குச் சட்டத்தை நிறுத்திவிட்டு, மீதி விளிம்பை டைல்ஸாலேயே முடித்துத் தரும்படி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.