கையொப்பமா, கடிதமா? போர் விமானிகளின் எழுத்தைச் சேகரிப்போருக்கு ஓர் ஒப்பீடு

இரண்டாம் உலகப்போரில் பறந்த போர் விமானிகளின் எழுத்தைச் சேகரிக்க விரும்புகிறவருக்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. பிற்காலத்தில் அவர்கள் கையொப்பமிட்ட ஓவிய அச்சுகளையும் நினைவு அஞ்சல் உறைகளையும் வாங்கலாம். போர் நடந்தபோதே எழுதப்பட்ட கடிதங்களைத் தேடலாம். போர் முடிந்து பல்லாண்டுகள் கழித்து, கேட்டவர்களுக்கு அவர்கள் எழுதிய பதில்களைச் சேர்க்கலாம். புதுச்சேரியில் இருந்துகொண்டு மூன்றையும் முயன்று பார்த்ததில், சந்தையில் இவற்றுக்குக் கிடைக்கும் மதிப்பின் வரிசையும் எடுத்துப் படிக்கும்போது கிடைக்கும் பயனின் வரிசையும் ஒன்றல்ல என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

முதல் வகை எளிதானது. லண்டனின் ஹெண்டனில் 1972இல் திறக்கப்பட்ட ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) அருங்காட்சியகத்தின் பெயரில் வந்த நினைவு உறைகளிலும், ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களை வரைந்த ஓவியங்களின் அச்சுகளிலும் பிரிட்டனின் டக்ளஸ் பேடர், ஜானி ஜான்சன், ஜெர்மனியின் அடால்ஃப் கலாண்ட் போன்றவர்கள் ஏராளமாகக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். பேடர் 1982இலும் கலாண்ட் 1996இலும் ஜான்சன் 2001இலும் மறைந்தார்கள். 1940இல் பிரிட்டனின் வானில் ஜெர்மானிய விமானங்களை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போரில் பங்கேற்ற விமானிகளில் கடைசியாக எஞ்சியிருந்த ஜான் ஹெமிங்வே 2025 மார்ச் 17 அன்று 105 வயதில் காலமானார். ஆகவே அந்தப் போரைப் பொறுத்தவரை புதிய கையொப்பம் இனி வரப்போவதில்லை. அச்சின் ஓரத்தில் பென்சிலால் இட்ட கையொப்பத்தைச் சாய்த்துப் பிடித்தால் கரி மினுங்கும். அச்சடித்த கையொப்பமாக இருந்தால் லென்ஸில் பெரும்பாலும் புள்ளிகள் தெரியும். சோதனை அவ்வளவுதான், அதில் கிடைப்பதும் ஒரு பெயர் மட்டும்தான்.

போர்க்காலக் கடிதத்தின் மீது எல்லோருக்கும் ஆசை, எனக்கும் இருந்தது. ஆனால் தணிக்கை இருந்ததால், எந்தத் தளத்தில் இருக்கிறோம், எந்தப் படைப்பிரிவு, நேற்று என்ன நடந்தது என்பதையெல்லாம் விமானி எழுத முடியாது. சாப்பாடு, விடுப்பு, வானிலை, தம்பியின் படிப்பு என்றே பக்கம் நிறைந்துவிடும். 1941 முதல் பிரிட்டிஷார் நடத்திய ஏர்கிராஃப் சேவையில் இன்னொரு சிக்கல் உண்டு: எழுதிய தாளைச் சிறு படச்சுருளில் எடுத்து, சேருமிடத்தில் சிறிய புகைப்படமாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். எழுத்து அவருடையதுதான், ஆனால் மை அவருடையது அல்ல. அதைக் கையொப்பம் என்ற கணக்கில் வாங்குகிறவர் புகைப்படத்துக்குத்தான் பணம் தருகிறார்.

நம் ஊரில் இந்த வகை அறவே கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். 1940 செப்டம்பரிலேயே, ஜெர்மனியை எதிர்த்து நின்ற சுதந்திர பிரான்ஸ் அணியில் சேர்ந்த ஊர் இது. பழைய சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீடுகளைக் காலி செய்யும்போது வெளிவரும் பிரெஞ்சு அஞ்சலட்டைகள் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எப்போதாவது கண்ணில் படும். அவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் காலாட்படையினர். அட்டையில் விமானப் படம் இருக்கிறது என்பதற்காக எழுதியவர் விமானி ஆகிவிட மாட்டார்.

1943 என்று தேதியிட்ட ஒரு கடிதத்தை, உண்மைச் சான்றிதழோடு, வெளியூர் வியாபாரி ஒருவரிடம் வாங்கினேன். கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கை அதன்மேல் பிடித்தபோது தாள் முழுவதும் சலவைக்குப் போட்ட வேட்டியைப்போல நீலமாக ஒளிர்ந்தது. அப்படி ஒளிரச் செய்யும் வெண்மையூட்டி காகிதத்தில் பரவலாகக் கலக்கப்பட்டது 1950ஐ ஒட்டித்தான். சான்றிதழையும் அதே விளக்கில் பார்த்தேன். அதுவும் அதே நீலத்தில் ஒளிர்ந்தது.

மூன்றாவது வகைக்கே என் ஓட்டு. 1998இல் இங்கிலாந்தில் வசித்த முன்னாள் விமானி ஒருவருக்கு ஒரே ஒரு கேள்வி எழுதினேன். ஏழு வாரம் கழித்து இரண்டு பக்கப் பதில் வந்தது. அதில் அவர் பறந்த உயரத்தை இருபதாயிரம் அடி என்று எழுதி, கோடிட்டு அடித்து, மேலே பதினெட்டாயிரம் என்று திருத்தியிருந்தார். அந்த அடித்தல்தான் எனக்கு அந்தக் கடிதத்தின் உயிர்: கேட்டவனுக்காக ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையாகவும் அது இருக்கலாம் என்ற குறை உண்மைதான். அதற்கு மருந்தும் உண்டு. லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.ஐ.ஆர். 27 என்ற வரிசையில் படைப்பிரிவுகளின் அன்றாடப் பதிவேடுகள் இருக்கின்றன; அவர் சொன்ன தேதி பதிவேட்டில் எட்டு நாள் தள்ளி இருந்தது, உயரம் சரியாக இருந்தது. ஓவிய அச்சில் இப்படிச் சரிபார்க்க எதுவும் இல்லை.

இதே வழி நம் நாட்டு விமானிகளுக்கும் பொருந்தும். 1965 செப்டம்பர் 3 அன்று இந்திய விமானி ட்ரெவர் கீலர் நாட் என்ற போர் விமானத்தில் பறந்து பாகிஸ்தானின் சேபர் விமானம் ஒன்றை வீழ்த்தியதாக இந்தியத் தரப்பு சொல்லும் போரிலும், 1971 போரிலும் பறந்தவர்களில் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஐந்து அட்டைகளை அனுப்பி ஐந்திலும் கையொப்பம் கேட்பது அநாகரிகம். ஒரு கேள்வியும், தபால்தலை ஒட்டிய பதில் உறையும் போதும்.

சட்டமும் இந்தத் தேர்வில் குறுக்கிடுகிறது. வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணம் 75 ஆண்டுகளைக் கடந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும் என்பதால், 1944இல் எழுதிய கடிதத்தை விற்பதற்காக நினைத்தபடி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1998இன் கடிதத்துக்கு இந்தத் தடை இல்லை.

பராமரிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உப்புக்காற்றில், படச் சட்டத்துக்குள் இருந்த என் ஓவிய அச்சு மூன்று மழைக்காலத்தில் ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்தது. கடிதங்கள் பாலியஸ்டர் உறைக்குள், சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில், ராமபாணப் பூச்சி எட்டாமல் இருக்கின்றன. லேமினேட் செய்துவிட்டால் பிறகு அவிழ்க்க முடியாது. அந்த அச்சைச் சுத்தம் செய்து சென்ற ஆண்டு விற்றுவிட்டேன். வந்த தொகைக்கு, அதிகம் பேர் அறியாத விமானிகள் இருவரின் பதில் கடிதங்கள் கிடைத்தன.