முதல் பேட்ச் பைக், 41,000 கிலோமீட்டர்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் வலது பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வரும். தகர டப்பாவில் நாலைந்து ஆணியைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. மூன்று நொடி, சில நாள் நான்கு. ஆயில் பிரஷர் ஏறியதும் நின்றுவிடும். அப்புறம் நாள் முழுக்க ஓட்டினாலும் வராது. இந்த மூன்று நொடியை வைத்து எங்கள் ரைடர் குழுவில் மூன்று வருடமாகச் சண்டை நடக்கிறது.

பைக்கின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்ன மறுநிமிடம் படிக்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள், மீதியை யாரும் படிக்க மாட்டார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும்: பல வருடம் ஓடிய ஏர்-கூல்டு இன்ஜினை ஓரங்கட்டிவிட்டு கம்பெனி புதிதாகக் கொண்டுவந்த லிக்விட் கூல்டு இன்ஜின் இது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர், மேலே வால்வுகளைத் திறக்க இரண்டு கேம்ஷாஃப்ட், மொத்தம் 8 வால்வ், 270 டிகிரி கிராங்க். விற்பனைக்கு வந்த இரண்டாவது மாதமே வாங்கிவிட்டேன்.

"முதல் பேட்ச் வாங்குறவன் கம்பெனிக்குச் சம்பளம் இல்லாம டெஸ்ட் ரைடு பண்றவன்டா" என்றார் குழுவில் மூத்தவர். எல்லாருக்கும் அவர் அண்ணன். பழைய ஏர்-கூல்டு இன்ஜினை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியவர், அதன் ஒவ்வொரு போல்ட்டும் அவருக்கு மனப்பாடம். "ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஃபேன்... எத்தனை சாமான் சேருதோ அத்தனை இடத்துல கெடும்." இன்னொரு பக்கம் இளைஞர் அணி. "அண்ணே, அந்த இன்ஜின் மேட்டுல மூச்சு வாங்கறதைப் பார்த்தா எங்களுக்கே பாவமா இருக்கு" என்பார்கள். இரண்டு பக்கத்திலும் புது இன்ஜினை வைத்திருந்தவர் யாருமில்லை. நான் ஒருவன்தான். அதனால் என் பைக் பொதுச்சொத்து ஆகிவிட்டது.

முதல் சந்தேகம் சத்தத்தில் வந்தது. ஐட்லிங்கில் "டக்-டக்... டக்-டக்" என்று நொண்டியடிக்கிற மாதிரி ஓடும். ஒரு நண்பன் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஒரு சிலிண்டர் மிஸ் ஆகுது" என்று தீர்ப்பே எழுதிவிட்டான். மிஸ் இல்லை. 270 டிகிரி கிராங்கில் இரண்டு சிலிண்டர் வெடிப்புகளுக்கும் இடையே கிராங்க் சுழலும் அளவு ஒரு முறை 270 டிகிரி, அடுத்த முறை 450 டிகிரி. சமமாக வராது, வரவும் கூடாது. 90 டிகிரி வி-ட்வினிலும் இதே கணக்குதான், அதனால்தான் சத்தமும் அதன் சாயலில் இருக்கிறது. யமஹா இந்த ஏற்பாட்டை 1995-லேயே டிஆர்எக்ஸ்850-ல் வைத்துவிட்டது. ஒரு பிஸ்டன் மேலேயோ கீழேயோ போய் நிற்கும் நேரத்தில் மற்றது ஏறத்தாழ முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நிற்பதே இல்லை. மலைப்பாதையில் மூன்றாவது கியரில் மெல்ல ஆக்சிலேட்டரைத் திறக்கும்போது பின் டயர் மண்ணைப் பிடித்து நகர்வது கைக்கே தெரியும். எனக்கு இந்த இன்ஜினில் பிடித்த விஷயம் இது ஒன்றுதான் என்றாலும் வாங்கியிருப்பேன்.

ரன்-இன், அதாவது புது இன்ஜினைப் பழக்குவது பற்றி ஆளுக்கொரு சாஸ்திரம் சொன்னார்கள். நான் செய்தது, முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டவில்லை, இன்ஜினைத் திணறவும் விடவில்லை, உச்சத்துக்கும் போகவில்லை. ஏற்றியும் இறக்கியும் ஓட்டினேன், பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு உட்கார வேண்டுமே. 1,000-ல் ஆயிலை இறக்கியபோது விரலில் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் காட்டினால் வெள்ளிப் பொடி தூவிய மாதிரி மினுமினுத்தது. அந்தப் படத்தைக் குழுவில் போட்டது என் தவறு. "இன்ஜின் தேய ஆரம்பிச்சிடுச்சு" என்று அரை நாள் பேச்சு. புது இன்ஜினில் முதல் ஆயில் அப்படித்தான் இருக்கும். அடுத்த முறை, 7,000-ல், தொட்டபோது விரல் கறுப்பானதோடு சரி.

ஆயில் என்றதும் என் சொந்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடியை, பைக்கை சைட் ஸ்டாண்டில் சாய்த்து வைத்தே பார்த்து, ஆயில் குறைகிறது என்று நினைத்து இரண்டு முறை ஊற்றினேன். கொஞ்ச நாளில் ஏர் பாக்ஸுக்குக் கீழே உள்ள வடிகால் குழாயில் ஆயில் துளிகள். "பிஸ்டன் ரிங் போச்சு" என்று குழு முடிவே கட்டியது. மேனுவலைத் திறந்து படித்தால், இன்ஜினைச் சூடாக்கி, அணைத்து, சில நிமிடம் விட்டு, பைக்கை நேராக நிறுத்தித்தான் பார்க்க வேண்டுமாம். நேராக நிறுத்தினால் கண்ணாடி முழுக்க ஆயில், மேல் கோடு எங்கே என்றே தெரியவில்லை. கூடுதல் ஆயிலை கிராங்க் அடித்து நுரையாக்கி, இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியாக மேலே தள்ளியிருக்கிறது. வேண்டாததை இறக்கியதும் சரியாகிவிட்டது. ஆயிலில் பிராண்டு சண்டைக்கு நான் வரவில்லை. டப்பாவில் பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக்குறி ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். கிளட்ச் அதே ஆயிலில்தான் மூழ்கிக் கிடக்கிறது. காருக்கான வழுக்கல் மருந்து கலந்த ஆயிலை ஊற்றினால் கிளட்ச் நழுவும்.

இப்போது பெரிய கதை. 9,200-ல் நடந்தது.

நல்ல மழை. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதும் இன்ஜின் சட்டென்று அணைந்தது. மீட்டர் எரிகிறது, ஹெட்லைட் எரிகிறது, இன்ஜின் மட்டும் இல்லை. ஓரமாக உருட்டி, நியூட்ரலில் போட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. கிளட்ச் பிடித்து முதல் கியரைப் போட்டதும் மறுபடி அணைந்தது. பத்து நிமிடம் கழித்து கியர் போட்டும் ஓடியது. வீடு வந்து சேர்ந்துவிட்டேன். அன்றிரவு குழுவில் எழுதியதும் வரிசையாக நோய் கண்டுபிடித்தார்கள்: ஃபியூயல் பம்ப், இசியூ, கிராங்க் சென்சார், ஒருவர் "இன்ஜின் சீஸ் ஆகப் போற அறிகுறி", அதாவது உள்ளே இறுகி நின்றுபோகப் போகிறது என்றே எழுதினார்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டார்கள். எரர் எதுவும் பதிவாகவில்லை. ஒரு ரிலேயை மாற்றி அனுப்பினார்கள். அடுத்த மழையில் அதே கதை. இரண்டாவது முறை போனபோது அங்கே இருந்த வயதான மெக்கானிக் ஒரே கேள்விதான் கேட்டார்: "நியூட்ரல்ல ஓடுதா தம்பி?" ஓடுகிறது என்றேன். குனிந்து சைட் ஸ்டாண்டின் பின்னால் விரலை விட்டார். விரல் முழுக்கச் சேறு. கியரில் இருக்கும்போது ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜின் அணைய வேண்டும், நியூட்ரலில் அணையாது. இது பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு. ஸ்டாண்டு சுவிட்சுக்குள் தண்ணீரும் சேறும் புகுந்து, ஸ்டாண்டு கீழே இருக்கிறது என்று பைக்கிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. சுவிட்சை மாற்றி, கப்ளரைத் துடைத்து கிரீஸ் தடவினார். அப்புறம் 32,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது, ஒரு முறை கூட அணையவில்லை.

இது கதையின் பாதிதான். எட்டு மாதம் கழித்து பெட்ரோல் போடும் இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என் பைக்கைச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த இன்ஜின் மழையில நின்னுடுமாமே? ஒருத்தருக்கு ஒன்பதாயிரத்துலயே சீஸ் ஆயிடுச்சாம்." எத்தனை கிலோமீட்டர் என்று திரும்பக் கேட்டேன். "ஒன்பதாயிரத்து இருநூறோ என்னமோ." அந்த ஒருத்தர் நான்தான். என் சைட் ஸ்டாண்டு சுவிட்ச் கை மாறிக் கை மாறி இன்ஜின் சீஸ் ஆகித் திரும்பி வந்திருக்கிறது. விளக்கம் சொன்னேன், அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. அன்றிலிருந்துதான் ஒரு நோட்டு போட்டேன். எது கெட்டாலும் தேதி, கிலோமீட்டர், எந்தப் பாகம், இன்ஜினுக்கு உள்ளேயா வெளியேயா என்று எழுதுவது. இன்று வரை ஏழு பதிவுகள். ஸ்டாண்டு சுவிட்ச், பேட்டரி முனை தளர்வு, ரேடியேட்டர் குழாய்க் கிளிப்பில் கசிவு, ஹார்ன், கிளட்ச் கேபிள், ஃபேன் கப்ளரில் துரு. ஆறும் வெளியே. உள்ளே என்று இருப்பது ஒன்றே ஒன்று, நான் முதலில் சொன்ன மூன்று நொடிச் சத்தம்.

இதைச் சொன்னால் இளைஞர் அணி கைதட்டும். அவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. "நான் பத்தாயிரம் ஓட்டிட்டேன், ஒரு பிரச்சினையும் இல்லை" என்பது எதையும் நிரூபிக்காது. உண்மையான இன்ஜின் குறைகள் அவசரப்படுவதில்லை. ஹார்லி-டேவிட்சனின் ட்வின் கேம் இன்ஜின் 1999 மாடலில் வந்தது. அதில் கேம் செயினை ஸ்பிரிங் அழுத்தத்தில் பிடித்திருந்த டென்ஷனர் ஷூ மெல்ல மெல்லத் தேய்ந்து, துகள் ஆயிலில் கலந்தது. தொல்லை தெரிய பல ஆயிரம் மைல் ஓட வேண்டியிருந்தது. 2007 மாடலுக்குள் எல்லாவற்றிலும் ஹைட்ராலிக் டென்ஷனர் வந்துவிட்டது. அதற்கும் முன்னால், 1980-களின் தொடக்கத்தில், ஹோண்டாவின் விஎஃப்750-ல் கேம்ஷாஃப்ட் தேய்மானம் பெரிய பேச்சாக இருந்தது. ஹோண்டாவே அப்படி மாட்டியது என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்? ஆனால் 1986-ல் விஎஃப்ஆர்750 வந்தபோது கேமைச் சுழற்ற செயினையே விட்டுவிட்டு கியர் வைத்தார்கள், அந்த வண்டி உழைப்புக்கே பெயர் வாங்கியது. அண்ணன் பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் பயப்படும் இடம்தான் தப்பு. ரேடியேட்டரைப் பார்த்துப் பயப்படுகிறார், பார்க்க வேண்டியது கேமும் வால்வும் இருக்கும் மேல் பகுதியான ஹெட்டுக்குள்.

அந்த ஹெட்டை 24,000-ல் திறந்தோம், வால்வ் கிளியரன்ஸ் பார்க்க, அதாவது வால்வ் மூடியிருக்கும்போது அதற்கும் கேமுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளியை. "சத்தமே இல்லை, எதுக்கு வீணா?" என்று பலர் தவிர்க்கும் வேலை இது. சத்தம் இல்லாததுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். இடைவெளி கூடி டேப்பெட் லூஸானால் டக்டக் என்று சொல்லிக் காட்டும், குறைந்து டைட்டானால் வாயைத் திறக்காது. எக்ஸாஸ்ட் வால்வ் தன் சூட்டில் பெரும்பகுதியை சீட்டில் உட்காரும்போதுதான் இறக்கி வைக்கிறது. முழுசாக உட்காராவிட்டால் ஓரம் கருகும். மெக்கானிக் ஃபீலர் கேஜை நுழைத்து ஒவ்வொன்றாக அளந்தார். இன்டேக் நான்கும் அளவுக்குள். எக்ஸாஸ்டில் 0.20 முதல் 0.25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இரண்டு வால்வில் 0.20 தகடு நுழையவே மறுத்தது, 0.18 தகடு வெண்ணெயில் கத்தி போவது போல இல்லாமல், லேசாக இழுத்துப் பிடித்தபடி போனது. அந்த இழுப்புதான் அளவு என்று என் கையில் கொடுத்து உணரவைத்தார். இரண்டிலும் இடைவெளியைச் சரிசெய்யும் தகடான ஷிம்மில் 2.60 மில்லிமீட்டரை எடுத்துவிட்டு 2.55 போட்டார், கிளியரன்ஸ் 0.23-க்கு வந்தது. முதல் 24,000-ல் சீட் படிவதால் இப்படிக் குறைவது வழக்கம், அடுத்த முறை இவ்வளவு இருக்காது என்றார்.

அதே நாள் கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் கழற்றினோம், காலை நேர மூன்று நொடிச் சத்தத்துக்கு என் சந்தேகம் அதன் மேல்தான். ஸ்பிரிங்கும் ஆயில் பிரஷரும் சேர்ந்து தள்ளும் வகை, பின்வாங்காமல் இருக்கப் பற்கள் உண்டு. நீட்டிக்கொண்டிருந்த பற்களை எண்ணினால் ஐந்து. இன்னும் நிறைய மிச்சம், செயின் அதிகம் நீளவில்லை. ஆனால் பார்ட்ஸ் பட்டியலில் அந்த டென்ஷனரின் நம்பரைத் தேடியபோது கடைசி எழுத்து மாறியிருந்தது. கம்பெனி ஓசைப்படாமல் ஏதோ திருத்தியிருக்கிறது. என்ன திருத்தினார்கள் என்று கேட்டதற்கு "புது லாட் சார்" என்பதோடு பதில் முடிந்தது. இந்த மௌனம்தான் எனக்குக் கோபம். ஒரு வரி சொல்லியிருந்தால் குழுவில் பாதிச் சண்டை நடந்தே இருக்காது.

மற்றபடி, மைலேஜ் 24-லிருந்து 26 வரை. நெடுஞ்சாலையில் கூலன்ட் சூடு 85 டிகிரி, நெரிசலில் 102 வரை ஏறி ஃபேன் ஓடும், அப்போது வலது காலுக்குத் தண்டனை. 5,500 ஆர்பிஎம்-க்கு மேல் கைப்பிடியில் வைப்ரேஷன் உண்டு, இரண்டு மணி நேரம் ஓட்டினால் மோதிர விரல் மரத்துவிடும். ஆயில் குடிப்பது இல்லை.

மாற்றிய நம்பரில் ஒரு டென்ஷனர் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன், கவரைக்கூடப் பிரிக்கவில்லை. 48,000-ல் ஹெட்டைத் திறக்கும்போது பற்களை மறுபடி எண்ணுவோம். ஏழெட்டுக்குள் இருந்தால் பழையதே ஓடட்டும், அதைத் தாண்டினால் மாற்றிவிடுவேன். அன்றைக்குத் தானே வந்து எண்ணிப் பார்ப்பதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.