ஃப்ராக்குக்கு மின்சாரம்: மோட்டார் சுவிட்சா, ஜூசரா?

மாதிரி ரயிலில் நான்கு சக்கரச் சிறு எஞ்சின் பாயிண்டின் (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தின்) நடுவில் நின்றுபோனால் எல்லோரும் எஞ்சினைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு ஃப்ராக்கில் இருக்கிறது. இரு பாதைகளின் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் அந்த முனை, வண்டி நேரே போகும்போது ஒரு துருவத்திலும் கிளையில் திரும்பும்போது மறு துருவத்திலும் இருந்தாக வேண்டும். அதை மாற்றிக் கொடுப்பது யார் என்பதுதான் கேள்வி.

மாதிரித் தண்டவாளம் தயாரிக்கும் பீக்கோ நிறுவனத்தின் இன்சல்ஃப்ராக் வகையில் முனை பிளாஸ்டிக் என்பதால் இந்தக் கேள்வியே எழாது. நீள எஞ்சின்களுக்கு அது போதும், குட்டி எஞ்சின்களுக்குப் போதாது. எலெக்ட்ரோஃப்ராக்கில் முனை உலோகம். பாயிண்டில் நகரும் நாக்குத் தண்டவாளம், நகராத பக்கத் தண்டவாளத்தைத் தொடும் இடத்திலிருந்து அதற்கு மின்சாரம் வருகிறது. பெயின்ட் அடித்து, ஜல்லியைப் பசை ஊற்றி ஒட்டிய பிறகு அந்தத் தொடுதலை நம்ப முடியாது.

ஆகவே தனி வயர் வேண்டும். பாயிண்டைத் திருப்பும் டார்டாய்ஸ் மோட்டாரில் வயர் இணைக்க எட்டு மின்முனைகள்: 1, 8 மோட்டாருக்கு; 2, 3 இரு பக்கத் தண்டவாளங்களுக்கு; 4 ஃப்ராக்குக்கு. துருவம் தலைகீழாக அமைந்தால் 2, 3 வயர்களை இடம் மாற்றினால் சரியாகிவிடும். இன்னொரு சுவிட்ச் தொகுதி சிக்னலுக்கு மிச்சம். சாதாரண டிசி, டிசிசி (தண்டவாளம் வழியே எஞ்சின்களுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) இரண்டிலும் இது வேலை செய்யும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. மோட்டார் மெதுவாக நகர்வதால், நாக்கு பழைய பக்கத்தை விட்டு விலகும் முன்பே உள்ளிருக்கும் சுவிட்ச் மாறி ஷார்ட் ஆகலாம். நாக்குகளுக்கும் ஃப்ராக்குக்கும் இடையிலான இணைப்பை வெட்டி, ஒவ்வொரு நாக்கையும் அதன் பக்கத் தண்டவாளத்தோடு ஒரு சிறு வயரால் சாலிடர் செய்து இணைத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை.

டாம் வேலி டெப்போ நிறுவனத்தின் ஃப்ராக் ஜூசர் என்ற மின்னணுச் சர்க்யூட்டுக்கு மோட்டாரே வேண்டாம். சக்கரம் முனையைத் தொட்டு ஷார்ட் ஆன கணமே அதை உணர்ந்து துருவத்தைப் புரட்டிவிடும். கையால் தள்ளும் பாயிண்டுகளுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் டிசிசியில் மட்டுமே இயங்கும். தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் ஷார்ட்டைக் கண்டு துண்டித்துக்கொள்வதற்குள் அது முந்த வேண்டும். ஷார்ட்டைத் தாங்குவதற்காக பஸ் வயரில் (தண்டவாளங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் முக்கிய வயரில்) பல்பு போட்டிருந்தால் மின்னோட்டம் கட்டுப்பட்டு, ஜூசர் ஷார்ட்டை உணராமலே போகலாம். இன்னொன்றும் உண்டு: தவறான பக்கம் திருப்பிய பாயிண்டில் கிளையிலிருந்து வண்டி வந்தால் மோட்டார் சுவிட்ச் ஷார்ட் கொடுத்து அதை நிறுத்தும், ஜூசரோ துருவத்தைப் புரட்டி உள்ளே விட்டுவிடும், வண்டி நாக்கில் ஏறித் தடம் புரளும். அந்த எச்சரிக்கையை இழக்க எனக்கு மனமில்லை.

மோட்டார் எப்படியும் வாங்குவதாக இருந்தால் அதன் சுவிட்சையே பயன்படுத்துங்கள். ஜூசருக்குத் தனியாகச் செலவழிப்பது வீண். டிசிசியில் கையால் தள்ளும் பாயிண்டுகளுக்கு ஜூசர், டிசியில் தள்ளுகோலோடு சேர்த்த மைக்ரோ சுவிட்ச். எதைத் தேர்ந்தாலும், ஃப்ராக்கிலிருந்து வெளியே போகும் இரண்டு தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பிகளை மாட்டிய பிறகே வயரைத் தொடுங்கள்.