சாம்ராஜ்யம் சரிவதைப் பார்ப்பதா, கேட்பதா?

விடியற்காலை நாலரைக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கினால், பால்வெட்டு முடிய ஏழரை ஆகிவிடும். அதுவரை கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை, காது சும்மா இருக்கும். எங்கள் குலசேகரம் பக்கத்தில் பலரும் அந்த நேரத்தில் பாட்டுக் கேட்பார்கள். எனக்கு நாடகம். சின்ன வயதில் திருநெல்வேலி வானொலி நாடகங்களைக் கேட்டு வளர்ந்த பழக்கம் இன்னும் விடவில்லை.

அப்படிக் கேட்டு முடித்ததுதான், அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ கதைகளை பிபிசி 1973-ல் வானொலி நாடகமாக்கியது. மொத்தம் எட்டுப் பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் அதே கதையை ஆப்பிள் டிவி தொடராகப் பார்த்துக்கொண்டிருந்தான். என் ஹெட்போனைக் காதில் வைத்துப் பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, “மாமா, வெறும் பேச்சுதானே இருக்கு?” என்றான். அவன் குறையாகச் சொன்னான். எனக்கோ அதுதான் இந்த நாடகத்தின் பலமாகப் படுகிறது.

தெரியாதவர்களுக்குக் கதை இதுதான். பன்னிரண்டாயிரம் ஆண்டுகள் நிலைத்த ஒரு விண்வெளிப் பேரரசு உள்ளுக்குள் உளுத்துப்போயிருக்கிறது. ஹாரி செல்டன் என்ற கணித மேதை அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறார். வீழ்ச்சியைத் தடுக்க முடியாது. ஆனால் அதற்குப் பின் வரவிருக்கும் முப்பதாயிரம் ஆண்டு இருட்டை ஆயிரம் ஆண்டாகக் குறைக்கலாம் என்கிறார். அதற்காகப் பேரரசின் ஓரத்தில் ஒரு சின்னக் கோளில் அறிஞர்களைக் குடியேற்றுகிறார். ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய கிப்பனின் வரலாற்று நூலை அசிமோவ் படித்ததிலிருந்து பிறந்த யோசனை இது. 1942 முதல் பத்திரிகையில் கதைகளாக வந்து, 1951, 52, 53-ல் மூன்று புத்தகங்களாயின.

புத்தகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், இதில் சண்டைக்காட்சி ரொம்பக் குறைவு. ஒரு அறை, நாலு பேர், ஒரு வாக்குவாதம். போர் வெளியே எங்கோ நடந்து முடிந்து, செய்தியாகத்தான் உள்ளே வரும். அதனால் வானொலிக்கு மாற்றும்போது பெரிதாக எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. செல்டனை விசாரிக்கும் காட்சியைக் கேட்டுப் பாருங்கள். அதிகாரி கேட்கக் கேட்க, இந்தத் தலைநகரம் அழியும் என்று அந்த மனிதர் பதறாமல் பதில் சொல்கிறார். அங்கே ஒரு படம் எதற்கு?

என்னை அசைத்தது இன்னொரு இடம். செல்டன் இறந்து பல வருடம் கழித்து, குறித்து வைத்த நாளில், அவர் முன்பே பதிவு செய்த உருவம் தோன்றிப் பேசும். எங்கள் பாட்டா பேசிய பழைய கேசட் ஒன்று வீட்டில் இருந்தது. அதைப் போட்டால் அம்மா கையில் இருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு நின்றுவிடுவாள். “மக்களே, சுகமா இருக்கியா?” என்ற ஒரு வரிக்காகத்தான். செல்டன் பேசத் தொடங்கியதும் நானும் அப்படித்தான் நின்றேன், கத்தி மரத்தில், பால் சிரட்டைக்குள் சொட்டிக்கொண்டிருக்க. புத்தகத்தில் அதே இடத்தை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன்.

நாலாவது மணி நேரம், தளபதி பெல் ரியோஸ் கதை, தனியாகச் சொல்ல வேண்டியது. தேய்ந்துபோன பேரரசுக்குக் கடைசியாகக் கிடைத்த திறமையான தளபதி அவர். வென்றுகொண்டே போகிறார். வெல்ல வெல்ல அரசருக்குச் சந்தேகம் வளர்கிறது. பலவீனமான தளபதியால் ஜெயிக்க முடியாது, பலமான தளபதியை அரசர் விட்டுவைக்க மாட்டார். பேரரசு சாகும் விதம் அவ்வளவுதான்.

அதைக் கேட்டபோது எனக்குப் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை நினைவுக்கு வந்தது. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய். எதிரியாக வந்த அவரையே நம்பித் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா படையை ஒப்படைத்தார். 1777-ல் இறந்த டிலனாயின் கல்லறை அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. எதிரியை நம்பிய அரசு அன்று வளர்ந்தது. சொந்தத் தளபதியை நம்பாத கற்பனைப் பேரரசு அழிந்தது.

டிவி தொடருக்கும் நியாயம் சொல்ல வேண்டும். 2021-ல் வந்த முதல் பகுதியிலேயே விண்ணுக்குப் போகும் மாபெரும் தூண் இடிந்து நகரத்தின் மேல் விழுகிறது. புத்தகத்தில் அது கிடையாது, ஆனால் நாற்பது பில்லியன் பேர் வாழும் தலைநகர்க் கோளான டிரான்டரின் பிரம்மாண்டம் அப்போதுதான் மனதில் ஏறுகிறது. ஒரே அரசரின் நகல்களே தலைமுறை தலைமுறையாக ஆள்வதும் தொடருக்காகச் செய்ததே. தேங்கிப்போன ஆட்சிக்கு நல்ல உருவகம். முதல் புத்தகத்தில் பெண்களே இல்லை என்று சொல்லலாம், அந்தக் குறையையும் சரிசெய்திருக்கிறார்கள். ஆனால் தனிமனிதன் முக்கியமில்லை, கோடிக்கணக்கான மக்களின் போக்குதான் வரலாறு என்பதல்லவா செல்டனின் கணக்கு? தொடரோ நாயகர்களையும் அவர்களின் விசேஷ சக்திகளையும் நம்பிப் போகிறது. அங்கே எனக்கு விட்டுப்போய்விட்டது.

வானொலி நாடகத்திலும் சிரமம் உண்டு. அந்தக் காலத்து மின்னணு ஓசைகள் ஹெட்போனில் காதைக் குத்தும். பிரிட்டிஷ் உச்சரிப்பு பழகுவதற்குள் யார் பேசுகிறார், எந்தத் தலைமுறை என்று குழம்பிவிடும். ஒருவரே வாசிக்கும் ஒலிப்புத்தகம் இதைவிடத் தெளிவுதான், ஆனால் வாக்குவாதத்தில் எதிராளியின் சூடு அதில் வராது.

எனவே முதல் புத்தகத்தின் முதல் பகுதியை மட்டும் படித்துவிடுங்கள், முப்பது நாற்பது பக்கம்தான். பிறகு நாடகத்துக்கு வாருங்கள். பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். டிவி தொடரை வேறு கதை என்று நினைத்துக் கடைசியில் பார்க்கலாம்.

அக்கா மகனுக்கும் இதைத்தான் சொல்லி அனுப்பினேன். நேற்று ராத்திரி போன் பண்ணி, “மாமா, அந்தத் தளபதியைத் திரும்பக் கூப்பிட்டுட்டாங்களே!” என்றான். நாலாவது மணி நேரத்துக்கு வந்துவிட்டான்.