கால் நூல் தகராறு

“அண்ணாச்சி, துப்பாக்கிக் குண்டு வார்க்கும் அந்த அச்சுத் தொகுப்பின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கிவிடட்டுமா?” என்று டென்வரில் இருக்கும் நண்பர் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஷார்ப்ஸ் என்ற பழைய அமெரிக்க ரைஃபிளின் நகலான என் .45-90 துப்பாக்கிக்கு மூன்று ஆண்டுகளாக அதைத்தான் பயன்படுத்துகிறேன். தொகுப்பு என்றால் இரண்டே பொருள்: பித்தளை அச்சு ஒன்று, குண்டின்மேல் சுற்றும் காகிதத்தை அளவாக வெட்டும் எஃகுத் தகடு ஒன்று. அச்சைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பதினாறு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்து ஊற்றுகிறேன். அச்சு சூடேறியபின் விழுகிற குண்டுகளில் ஐம்பதை நிறுத்துப் பார்த்தால், அரை கிரெய்னுக்கு (ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 65 மில்லிகிராம்) மேல் விலகுவது ஒன்றோ இரண்டோதான். குண்டின் விட்டம் 0.442 அங்குலம், சொன்ன சொல் தவறவில்லை.

தகடுதான் என் உயிரை வாங்கியது.

பழைய பாணிக் கரிய வெடிமருந்தால் சுடும் போட்டிக்குக் காகிதம் சுற்றிய குண்டு தயாரிப்பது ஏறக்குறைய பீடி சுற்றுகிற வேலை. முக்கூடலில் என் அத்தை மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, இலைமேல் தகட்டை அழுத்தி, அளவாகக் கத்தரிப்பார். இங்கே இலைக்குப் பதில் பருத்திக் காகிதம், தூளுக்குப் பதில் ஈயம். இரு முனையும் சாய்வாக வெட்டிய காகிதத்தை நனைத்து, குண்டைச் சுற்றி இரண்டே சுற்று உருட்டி, மிச்ச வாலை அடிக்குழியில் முறுக்கிவிட வேண்டும். காய்ந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். காகிதத்தின் தடிமன் 0.002 அங்குலம். இரண்டு சுற்றில் பக்கத்துக்கு இரண்டு தாளாக மொத்தம் 0.008 கூடி, குண்டு சரியாக 0.450 ஆகும். என் குழலின் உள்விட்டமும் அதுதான். சுற்று முடிகிற விளிம்பு தொடங்கிய விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். மேலே ஏறவும் கூடாது, இடைவெளி விடவும் கூடாது.

எனக்கு ஏறியது. நகத்தை ஓட்டினால் மேடு தட்டியது. முதல் ஆண்டு முழுவதும் என் கையைத்தான் திட்டினேன். ஈரம் அதிகமோ, இழுத்து உருட்டுகிறேனோ என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். 600 கெஜத்தில் இரண்டு குண்டு நடுவில் விழும், மூன்றாவது ஊர் சுற்றப் போய்விடும். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத்துணியால் குழலைத் துடைத்தும் பயனில்லை. ஒருநாள் குழல்வாய்க்கு முன்னால் பத்தடி நடந்து, சிதறிக் கிடந்த காகிதத்தைப் பொறுக்கினேன். குழலுக்குள் திருகாக ஓடும் வரிப்பள்ளங்கள், அதாவது புரி, அதைத் துண்டு துண்டாக அறுத்திருக்க வேண்டும். அதற்கு மாறாக, விளிம்பு ஏறியிருந்த இடம் மட்டும் கருகிய நாடாவாக, அறுபடாமல் வந்திருந்தது.

வீட்டுக்கு வந்து தகட்டை அளந்தேன். கால் நூல் நீளம் கூடுதல்! தச்சர் கணக்கில் கால் நூல் என்றால் அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு. தயாரித்தவருக்கு எழுதினேன். தடித்த காகிதத்துக்காக வைத்த அளவு என்று பதில் வந்தது. தடித்த காகிதத்துக்கு நீளம் கூட வேண்டும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 0.003 தடிமனுக்கே அந்த வித்தியாசம் கால் நூலில் பாதிகூட வராது. போதாக்குறைக்குப் பருத்திக் காகிதம் நனைந்தால் நீளும், அதுவும் இழைக்கு, அதாவது காகித நார் ஓடும் திசைக்கு, குறுக்கே அதிகமாக நீளும். ஆகவே தகடு ஒரு மயிரிழை குறைவாகத்தான் இருக்க வேண்டும். கூட வந்த துண்டுச்சீட்டில் இழையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

சாணைக்கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு மாலை தேய்த்தேன். இப்போது விளிம்பும் விளிம்பும் உதடு பொருந்துவதுபோல் பொருந்துகின்றன. போன மாதம் குழல்வாய்க்கு முன்னால் தரையெல்லாம் வெள்ளைத் தூவல், கல்யாண வாசலில் அட்சதை இறைத்த மாதிரி. ஒரு பிடி அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். துணி துவைக்கும்போது வீட்டம்மாள் என்ன சொன்னாள் என்பது இங்கே வேண்டாம்.

அச்சைத் தனியாக விற்றால் நானே இன்னொன்று வாங்குவேன், தனியாக விற்பதில்லை. ஆகவே தம்பி, வாங்காதீர்கள். தேய்த்த தகட்டின் முனையில் நேற்றும் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டேன், இதைத் தட்டச்சு செய்யும்போதும் எரிகிறது.