கடல் விரால் குஞ்சு விநியோகச் சேவை: மண்டபம் பகுதி கூண்டு வளர்ப்பாளரின் மதிப்புரை

மண்டபத்தை ஒட்டிய வடகடலில் கூண்டு போட்டு மீன் வளர்க்கும் எங்கள் குழு, இந்தப் பருவத்துக்கான கடல் விரால் (கோபியா) மீன் குஞ்சுகளை ஒரு தனியார் நாற்றங்கால் பண்ணையிடம், கூண்டு வரை கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பையும் சேர்த்தே வாங்கியது. 2010-இல் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இவ்வினக் குஞ்சுகள் இந்தியாவிலேயே முதன்முறையாக உற்பத்தி செய்யப்பட்ட பிறகு, குஞ்சு கிடைக்குமா என்ற கவலை மெல்லக் குறைந்து, என்ன நிலையில் வந்து சேரும் என்பதே எங்கள் கவலையாகிவிட்டது. விலை மற்ற இடங்களைவிடச் சற்றுக் கூடுதல். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

பண்ணையிலும் லாரியிலும் நடந்த வேலையைக் குறை சொல்ல முடியாது. தொட்டியில் கழிவும் அமோனியாவும் சேராதிருக்க முதல் நாளே இரை நிறுத்தியிருந்தார்கள். கடல் விரால் தன்னினத்தையே கடித்துத் தின்னும் மீன் என்பதால் சிறிதும் பெரிதுமாகக் கலக்காமல் அளவு வாரியாகப் பிரித்திருந்தார்கள். இருட்டாக மூடிய தொட்டிகளில் ஆக்சிஜன் சீராக ஓடியது. எண்ணும்போதுகூடக் குஞ்சுகளைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவில்லை.

கரைக்கு வந்த பிறகுதான் அந்த அக்கறை கைவிட்டுப் போனது. உச்சி வெயிலில், கைவலையால் அள்ளிப் பிளாஸ்டிக் கூடைகளில் நெருக்கிப் போட்டுப் படகில் ஏற்றினார்கள். கூண்டருகே போனதும், தொட்டி நீரையும் கடல் நீரையும் சிறிது சிறிதாகக் கலந்து பழக்காமல் அப்படியே கவிழ்த்தார்கள். இத்தகைய வேளையில் மீனின் தலைப்பகுதிச் சிறுநீரகத் திசுவிலிருந்து கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. மூச்சு வேகமாகிச் செவுள் வழியே உடல்நீர் கூடுதலாக வெளியேற, உடலின் உப்புச் சமநிலை குலைகிறது. ஒருமுறை பயந்த மீன் அமைதியான நீரில் விட்டால் பெரும்பாலும் தேறிவிடும். பிடிப்பு, நெருக்கம், வெயில், புதுநீர் என அதிர்ச்சிகள் அடுத்தடுத்து வரும்போது நோய் எதிர்ப்பாற்றல் தளர்கிறது. வலையில் உரசி வழும்பும் செதிலும் போன இடத்தில் விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் புகுந்துவிடுகின்றன.

குளிர்நாட்டுச் சால்மன் பண்ணைகளிலும் இதே கதைதான். மீனின் தோலில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணியான கடல் பேனை நீக்க நார்வேயில் மீன்களை நெருக்கிக் குழாய் வழியே உறிஞ்சி, 28 முதல் 34 டிகிரி வரை சூடான நீரில் அரை நிமிடம் போல விடும் முறை உண்டு. நம் கடல் விராலுக்கு இதமான 28 டிகிரியே சால்மனுக்கு வலி தரும். 2023-இல் அந்நாட்டுக் கடல் கூண்டுகளில் சுமார் 6.28 கோடி சால்மன்கள், அதாவது 16.7 விழுக்காடு, செத்தன. நோய்களோடு, பேன் நீக்கும்போது படும் காயமும் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கூண்டில் ஒரு கன மீட்டருக்கு 25 கிலோவுக்கு மேல் மீன் இருக்கக் கூடாதென்று சட்டமே உள்ள நாட்டில் இந்த நிலை.

எங்களுக்குக் கிடைத்த உத்தரவாதச் சீட்டில் 'உயிருடன் ஒப்படைப்பு' என்று அச்சிட்டிருந்தது. ஒப்படைத்த அன்று செத்தவை மிகச் சிலவே, அவற்றுக்குக் கேள்வி கேட்காமல் பணம் கழித்தார்கள். ஆனால் குஞ்சுகள் இரை எடுக்காமல், நிறம் கறுத்து, கூண்டின் ஓரத்தில் ஒதுங்கி அடுத்தடுத்த நாள்களில் சாகத் தொடங்கியபோது, கூண்டில் விட்ட பிறகு தங்களுக்குப் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. கையாண்டதன் விளைவு சில நாள் கழித்தே தெரியும் என்பதை மீன் வளர்ப்பவர் எவரும் அறிவர். அந்த நாள்களை விட்டுவிட்டு எழுதும் உத்தரவாதம் விற்பவரை மட்டுமே காக்கிறது.

குஞ்சின் தரத்துக்காக இவர்களிடமே மீண்டும் வாங்க எண்ணியிருக்கிறோம். ஆனால் விடியற்காலையில் இறக்குவது, கூடைக்குப் பதில் நீர் நிரம்பிய தொட்டியையே படகில் ஏற்றுவது, ஒரு வாரத்துக்காவது இழப்பில் பங்கேற்பது ஆகிய மூன்றையும் எழுதித் தந்தால்தான் முன்பணம் கொடுப்போம்.