மாரிக்குப் பாம்புத் தூளா, கம்பி வலையா?

மட்டக்களப்பு ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும் கால் அங்குலக் கண் கல்வனைஸ் வலை, பாம்பை வளவுக்கு வெளியே நிறுத்த நல்ல சாமான். மூன்றடி உயரம், அதற்குக் கீழே அரையடி மண்ணுக்குள், வெளிப்பக்கம் சற்றுச் சாய்வாக. வலையைத் தாங்கும் கால்களை உட்பக்கம் நடுங்கள். வெளியே நட்டால் பாம்பு பற்றி ஏறிவிடும். வெட்டிய ஓரங்கள் வாவிக் காற்றில் கறள் பிடிக்கும், பெயின்ற் அடிக்கவேண்டும். படலைக்குக் கீழ் விரலளவு இடைவெளி விட்டாலும் செலவழித்ததெல்லாம் வீண்.

பாம்பை விரட்டும் என்று விற்கும், கந்தகமும் நப்தலீனும் கலந்த தூளுக்குக் காசு கொடுக்காதீர்கள். பாம்பு அதைத் தாண்டிப் போகும்.

பாம்பைக் குளிர் ஒழிக்கும் என்றும் நம்பவேண்டாம். 2010 ஜனவரிக் கடுங்குளிரில் புளோரிடாவில் அந்நிய பர்மிய மலைப்பாம்புகள் ஏராளம் செத்தன. ஒதுங்கித் தப்பியவை மீண்டும் பெருகின. நமது மாரி அவ்வளவு குளிராது. வெள்ளம் ஏறினால் புடையனும் விரியனும் காய்ந்த இடம் தேடி விறகுக் குவியலுக்கே வரும். வலையைப் புரட்டாதியிலேயே அடித்துவிடுங்கள்.